குடை பிடிக்கும் புல்தரை

ஐப்பசி மழை இறங்கிய நாளிலிருந்து ஒரே விஷயமாகக் கேள்விகள் வந்து குவிகின்றன. வீட்டு முன்னால் ஆசையாகப் போட்ட புல்தரையில் காளான், வட்டம், துரு, சாம்பல், கருகல். ஆகவே இந்த முறை மாடித்தோட்டத்துக்கும் ரோஜாவுக்கும் விடுமுறை. முழுக்கப் புல்தான், புல்லில் வரும் பூஞ்சைதான்.

முதல் மழைக்குப் பிறகு புல்தரை முழுக்க நாய்க்குடை. தினமும் காலையில் பிடுங்கிப் போடுகிறேன். மறுநாள் அதே இடத்தில் நிற்கிறது. அடியோடு ஒழிக்க வழி உண்டா?
– வாசகி, மடிப்பாக்கம்

மாங்காயைப் பறித்தால் மாமரம் சாகுமா? நீங்கள் பிடுங்குவது காய்தான். மரம் மண்ணுக்குள் வெள்ளை நூலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஈரமும் இதமான சூடும் சேர்ந்தால் ஒரே ராத்திரியில் காய்த்துவிடும்.

அந்த நூலுக்குச் சாப்பாடு எது என்று கண்டுபிடியுங்கள். புல் அல்ல, செத்த மரம். வீடு கட்டி முடித்ததும் உடைந்த சென்ட்ரிங் பலகை, சாரம் கட்டிய சவுக்குக் கட்டை, கொத்தனார் விட்டுப்போன மரத்தூள் எல்லாவற்றையும் பள்ளத்தில் தள்ளி, மேலே செம்மண் நிரவி, அதன் மேல்தான் பெரும்பாலான வீடுகளில் புல் பதிக்கிறார்கள். அல்லது அங்கே முன்பு ஒரு மரம் நின்றிருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களைப் பலர் தரையோடு அறுத்துவிட்டு வேரை அப்படியே விட்டார்கள். அந்த மாதிரி வேர்கள் ஆண்டுக்கணக்கில் காளான் தரும்.

காளான் கூட்டமாக வரும் இடத்தில் கடப்பாரையால் ஓர் அடி ஆழம் குத்திப் பாருங்கள். கட்டை தட்டுப்பட்டால் தோண்டி எடுங்கள்; அதோடு கதை முடிந்தது. தட்டுப்படாவிட்டால் பொறுத்திருங்கள். கட்டை மக்கித் தீரும்போது காளானும் தீரும். பிடுங்குவதை மட்டும் நிறுத்தாதீர்கள். குடை விரிவதற்கு முன்பே பிடுங்கினால் கோடிக்கணக்கான வித்துகள் காற்றில் ஏறுவது மிச்சம். வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் காலையில் பல் துலக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுவே.

காளான் வந்தால் மண் கெட்டுவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?
– வாசகர், ஆவடி

நேர்மாறு. உங்கள் மண்ணில் மக்கும் வேலை ஒழுங்காக நடக்கிறது. கெட்ட மண்ணில் காளானும் வராது.

குடை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். வெள்ளை நிறம், மேலே பழுப்புச் செதில். பாட்டி ஊரில் இப்படித்தான் மழைக்காளான் பறித்துக் குழம்பு வைப்பார். இதைச் சமைக்கலாமா?
– வாசகி, செங்கல்பட்டு

வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதிய அடையாளம் அத்தனையும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற காளானுக்குப் பொருந்துகிறது. வெப்பநாட்டுப் புல்தரைகளில் மழைக்குப் பின் மிகச் சாதாரணமாக முளைப்பது இது. அழகானது, கொழுகொழுவென்றிருக்கும், வாசனையிலும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் உலகம் முழுக்க ஏமாந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டும். பிறகு வாந்தியும் பேதியும் நிற்காமல் போகும். பெரியவர்களே துவண்டுவிடுவார்கள் என்றால் குழந்தைகளைச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டி பறித்தது பெரும்பாலும் புற்றுக்காளானாக இருக்கும். அது கரையான் புற்றின் மேல் வரும். கரையான்களே புற்றுக்குள் வளர்க்கும் பயிர் அது. காம்பைப் பிடித்து இழுத்தால் கீழே வேர் போல ஒரு வால் நீளமாகப் புற்றுக்குள் இறங்கிப் போகும். புல்தரைக் காளானுக்கு அந்த வால் கிடையாது. காம்பின் மேல்பாதியில் மோதிரம் போல ஒரு வளையம் இருக்கும். விரலால் மெல்லத் தள்ளினால் பல சமயம் ஏறி இறங்கும். அடிப்பக்கச் செவுள் இளசாக இருக்கும்போது வெள்ளை, முற்ற முற்றப் பச்சை கலந்த சாம்பல்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை இருக்கிறது. விரிந்த குடையின் காம்பை வெட்டிவிட்டு, செவுள் கீழே பார்க்கும்படி வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து வையுங்கள். மேலே ஒரு கிண்ணத்தால் மூடுங்கள். மறுநாள் காலையில் தூக்கிப் பாருங்கள். காகிதத்தில் வித்துத்தூள் கோலம் போட்டிருக்கும். அது மங்கிய பச்சையாக இருந்தால் சந்தேகமே இல்லை, இதே காளான்தான். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். பச்சை வந்தால் விஷம் என்று சொல்லலாமே தவிர, வெள்ளை வந்தால் சாப்பிடலாம் என்று சொல்ல முடியாது. உயிரைக் கொல்லும் அமானிட்டா வகைகளின் வித்துத்தூள் வெள்ளைதான்.

வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, மஞ்சள் போட்டால் நிறம் மாறுகிறதா, பூண்டு கறுக்கிறதா என்ற சோதனைகள் எல்லாம் பொய். ஆடு தின்கிறது, நத்தை தின்கிறது என்பதும் சாட்சி ஆகாது. அவற்றின் வயிறு வேறு, நம் வயிறு வேறு. காளான் ஆசை வந்தால் கடையில் வளர்ப்புக் காளான் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டரை வயதுப் பேரன் புல்தரையில் காளானைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டான். துப்ப வைத்துவிட்டோம். இரண்டு நாளாக நன்றாக இருக்கிறான். அடுத்த முறை இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?
– தாத்தா, நாகர்கோவில்

வாயில் இருப்பதை விரலால் வழித்து எடுத்துவிட்டு, வாயைக் கழுவுங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே ஆபத்து. மீதிக் காளானை, மண்ணோடு ஒட்டிய அடிப்பகுதி உட்பட, ஒரு காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்து அழுகிவிடும்.

குழந்தை உடனே வாந்தி எடுக்கவில்லையே என்று நிம்மதி அடைந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். சில காளான்களின் நஞ்சு ஆறு மணி நேரத்துக்கு மேல் சத்தம் காட்டாமல் இருந்து, அதற்குப் பிறகுதான் ஈரலைப் பிடிக்கும். தாமதமாக வரும் வாந்திதான் அதிகம் பயப்பட வேண்டியது. உங்கள் பேரன் இரண்டு நாளைத் தாண்டிவிட்டான். இருந்தாலும் நடந்ததை மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

புல்தரையில் காம்பஸ் வைத்து வரைந்தது போல ஒரு வட்டம். வட்டத்தில் புல் மட்டும் கரும்பச்சை. மழை பெய்ததும் அதே வட்டத்தில் காளான் வரிசை கட்டி நின்றது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மாமியார் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.
– மருமகள், ஸ்ரீரங்கம்

முதலில் அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள். பயந்ததில் அவர் தனியாக இல்லை. ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பெயரே ‘சூனியக்காரி வளையம்’. ஆங்கிலேயர்கள் தேவதைகள் இரவில் கைகோத்து ஆடிய தடம் என்று நம்பி, இன்றும் தேவதை வளையம் என்றே அழைக்கிறார்கள்.

நடப்பது இதுதான். எப்போதோ ஒரு வித்து ஓரிடத்தில் விழுந்து முளைத்தது. அதன் நூல்கள் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் நீண்டன. நடுவில் இருந்த சாப்பாடு தீர்ந்ததும் நடுப்பகுதி செத்துப்போயிற்று. விளிம்பு மட்டும் உயிரோடு வெளியே நகர்ந்துகொண்டே போகிறது. குளத்தில் கல் போட்டால் அலை விரிவது போல. வேகம் ஆண்டுக்குச் சில அங்குலம் முதல் ஓரிரு அடி வரை. பிரான்சில் பெல்ஃபோர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வளையம் ஏறத்தாழ 600 மீட்டர் அகலம். வயது 700 ஆண்டுகளுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு வளையங்கள் விரிந்து வந்து முட்டிக்கொண்டால், முட்டிய இடத்தில் இரண்டுமே அழியும். ஒன்று தின்று தீர்த்த மண்ணில் இன்னொன்றுக்கு வேலை இல்லை.

கரும்பச்சைக்குக் காரணம், விளிம்பில் நூல்கள் மட்கைச் சிதைக்கும்போது வெளிவரும் தழைச்சத்து என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தோம். அது சரிதான், ஆனால் முழுக் கதை அல்ல. 2010-இல் ஜப்பானின் ஷிசுவோகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கவாகிஷி குழுவினர், வளையம் போடும் ஒரு காளானிலிருந்து புல்லை நேரடியாக வளரத் தூண்டும் ஒரு பொருளையே பிரித்தெடுத்தார்கள். அதே பொருள் நெல்லிலும் இருப்பதைப் பின்னர் கண்டார்கள். உங்கள் மாமியார் சூனியம் என்று பார்த்த வட்டத்தை வேளாண் விஞ்ஞானிகள் உரம் என்று பார்க்கிறார்கள்.

வட்டம் வெறும் பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். கண்ணை உறுத்தினால் மற்ற இடத்துக்கும் கொஞ்சம் மண்புழு உரம் தூவுங்கள், நிறம் ஒன்றாகிவிடும். வளையத்தை ஒட்டிப் புல் காய்ந்தால்தான் கை வைக்க வேண்டும். அங்கே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்றால், நூல்கள் அடர்ந்து மண்ணுக்கு மெழுகு பூசியது போல ஆகிவிட்டது என்று பொருள். பூஞ்சை புல்லைத் தின்னவில்லை. புல் தாகத்தில் சாகிறது. கூரான கம்பியால் நான்கு விரல் இடைவெளியில் அரை அடி ஆழத் துளைகள் போட்டு, சில சொட்டு திரவ சோப்பு கலந்த தண்ணீரை மெதுவாக, மூன்று நான்கு நாள் தொடர்ந்து ஊற்றுங்கள். மண் நனைந்துவிட்டால் புல் எழுந்துவிடும். ஓர் அடி ஆழத்துக்கு மண்ணையே மாற்றும் வைத்தியம் ஒன்றும் இருக்கிறது. வீட்டுத் தரைக்கு அந்தச் செலவை நான் சொல்ல மாட்டேன்.

காலையில் பார்த்தால் புல்மேல் யாரோ விபூதி தூவியது போல இருக்கிறது. கையால் தொட்டால் ஒட்டிக்கொள்கிறது. என்ன நோய்?
– வாசகர், கும்பகோணம்

நோயே இல்லை. அது பூஞ்சைகூட இல்லை! சளிப்பூஞ்சை என்று நாமாக வைத்த பெயர் அதற்கு. உண்மையில் மண்ணில் ஊர்ந்து கிருமிகளைத் தின்று வாழும் தனி உயிரினம். ஈரக் காலத்தில் வித்து பரப்புவதற்காக உயரமான இடம் தேடிப் புல் நுனியில் ஏறி உட்காருகிறது. புல்லிலிருந்து ஒரு துளி சாறும் எடுப்பதில்லை. ஹோஸ் பைப்பால் ஒரு தடவை பீய்ச்சி அடியுங்கள், அல்லது துடைப்பத்தால் தட்டிவிடுங்கள்.

இதன் உறவுக்கார உயிரினம் ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் தட்டில் வளர்த்தார்கள். டோக்கியோவும் சுற்றியுள்ள ஊர்களும் இருக்கும் இடங்களில் ஓட்ஸ் துணுக்குகளை வைத்தார்கள். மூளையே இல்லாத அந்த உயிர் துணுக்குகளை இணைத்துப் போட்ட பாதை, பொறியாளர்கள் போட்ட ரயில் பாதையோடு பெரிதும் ஒத்துப்போயிற்று. 2010-இல் வெளிவந்த ஆய்வு அது. அப்படிப்பட்ட விருந்தாளி மீது மருந்து அடிக்கலாமா?

புல்லில் நடந்தால் வெள்ளை வேட்டியில் ஆரஞ்சுத் தூள் ஒட்டுகிறது.
– வாசகர், ஈரோடு

துரு நோய். கொரியன் புல்லில் அடிக்கடி வரும். வளர்ச்சி குன்றிய, பசித்த புல்லைத்தான் பிடிக்கும். லேசாக உரம் கொடுத்து, நிழலைக் குறைத்து, வாரம் ஒருமுறை வெட்டுங்கள். புது இலை வளரும் வேகத்தில் துரு பின்தங்கிவிடும். வெட்டிய புல்லை மட்டும் சாக்கில் அள்ளி அப்புறப்படுத்துங்கள். வேட்டியை உதறிவிட்டுத் துவையுங்கள், போய்விடும்.

கொரியன் புல்லில் தட்டு தட்டாகப் பழுப்புத் திட்டுகள். நர்சரியில் கேட்டேன், பூஞ்சை என்று மருந்து கொடுத்தார்கள். பக்கத்துக் கடையில் கேட்டேன், புழு என்று வேறு மருந்து. இரண்டையும் அடித்தேன். திட்டு பெரிதாகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

இரண்டு பேருமே உங்கள் புல்லைப் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள். காலை ஆறு மணிக்கு, பனி உலரும் முன், திட்டின் ஓரத்தில் மண்டியிட்டு உட்காருங்கள். நடுவே செத்த புல் எதையும் சொல்லாது. பச்சையும் பழுப்பும் சந்திக்கும் ஓரம்தான் பேசும்.

ஒரு கொத்தைப் பிடித்து இழுங்கள். தண்டு அடியில் பழுத்து அழுகி, இலை சுலபமாகக் கையோடு வந்தால் ரைசோக்டோனியா என்ற பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். வட்டத்தின் ஓரம் மஞ்சளோ ஆரஞ்சோ அடித்திருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. புல் தனித்தனியாக வராமல் பாயைச் சுருட்டுவது போல மொத்தமாகத் தூக்கினால், வேரைப் புழு தின்றுவிட்டது. அடியில் அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப் புழு கிடக்கும். காய்ந்த புல்மேல் மெல்லிய மண்பூச்சு இருந்தால் கரையான். நடு செத்து, சுற்றிலும் கரும்பச்சை விளிம்பு இருந்தால் நாய் சிறுநீர் கழிக்கும் இடம். மிதித்தால் கால்தடம் நிமிராமல் அப்படியே நின்றால் தண்ணீர் போதவில்லை. எல்லா நுனியும் நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் மெஷின் பிளேடு மழுங்கிவிட்டது.

ரூபாய் நாணயம் போலச் சின்னச் சின்ன வைக்கோல் நிறப் பொட்டுகள் என்றால் அது வேறு நோய். பெயரே டாலர் பொட்டு நோய். பசித்த புல்லில் வரும்.

ரைசோக்டோனியா என்றதும் பயந்துவிடாதீர்கள். தஞ்சை விவசாயிக்கு இது பழைய பகையாளி. நெல்லில் இலை உறை கருகல் நோய் போடுவது இதே இனம்தான். அகல இலை பஃபல்லோ புல்லில் கண் வடிவில், நடுவில் சாம்பல் நிறத்தோடு புள்ளிகள் வந்தால், அது நெல்லின் குலை நோய்க்குச் சொந்தக்காரப் பூஞ்சை. நெல்லும் புல்தானே! வயலில் என்ன சொல்வோமோ அதையேதான் இங்கும் சொல்கிறேன்: தழைச்சத்தைக் குறை, நெருக்கத்தைக் குறை, ஈரத்தை வடியவிடு.

புல் மஞ்சளாக இருக்கிறதே என்று யூரியா போட்டேன். நாலே நாளில் பச்சைப் பசேல். பத்தாம் நாள் எண்ணெய் தடவியது போலப் படுத்து அழுகுகிறது. காலையில் மேலே பஞ்சு போல இருக்கிறது.
– வாசகி, புதுச்சேரி

புத்தி சொல்லும் நேரம் இது இல்லை, காப்பாற்றும் நேரம். இது பித்தியம். வெயிலும் புழுக்கமும் தண்ணீர்த் தேக்கமும் தழைச்சத்தும் ஒன்றுசேர்ந்தால் ஓரிரு நாளில் பாதித் தரையை எடுத்துவிடும். தண்ணீரை உடனே நிறுத்துங்கள். அந்தத் திட்டில் நடக்காதீர்கள், மெஷின் ஓட்டாதீர்கள். ஈரத்தோடு சக்கரம் போகும் வழியெல்லாம் நோயும் போகும். ஓரத்தில் ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டித் தேங்கிய நீரை வடியுங்கள்.

ஒரு முக்கியமான சேதி. பித்தியம் உண்மையான பூஞ்சை இனம் இல்லை. பாசிகளுக்கு நெருங்கிய உறவு. கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டும் கார்பென்டாசிம் இதைத் தொடவே தொடாது. மெட்டலாக்சில் சேர்ந்த மருந்துதான் கேட்கும். நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். காலைப் பஞ்சு வெயில் ஏறியதும் மறைந்துவிடும் என்பதால் பலர் சிலந்தி வலை என்று விட்டுவிடுகிறார்கள். வலை புல்லுக்கு மேலே விரிப்பாக நிற்கும். இது புல்லோடு புல்லாக ஒட்டிக்கிடக்கும்.

யூரியாவை மழைக்காலத்தில் மறந்துவிடுங்கள். மக்கிய உரம் மெதுவாகக் கொடுப்பதைப் புல் மெதுவாகச் சாப்பிடட்டும்.

வேலைக்குப் போகிறவன். மாலை ஏழு மணிக்குத்தான் புல்லுக்குத் தண்ணீர் விட முடிகிறது. தப்பா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

தப்புதான். இந்தப் பக்கத்தில் வந்த பாதிக் கேள்விகளுக்கு அந்த ஏழு மணிதான் காரணம். மாலை ஏழு மணிக்கு நனைந்த இலை மறுநாள் எட்டு மணி வரை ஈரமாகவே இருக்கும்; பதின்மூன்று மணி நேரம். இலைமேல் விழுந்த வித்து முளைத்து உள்ளே நுழைய அது தாராளமான அவகாசம். காலை ஐந்தரைக்கு விட்டால் ஒன்பது மணிக்குள் உலர்ந்துவிடும். தினமும் மேலாக நனைப்பதைவிட, மண் ஒரு சாண் ஆழம் நனைகிற மாதிரி விட்டு, மேல்மண் காய்ந்த பிறகு மறுபடி விடுவது நல்லது. மார்கழிப் பனிக்கு ஒரு யோசனை: கோல்ஃப் மைதானங்களில் விடியற்காலையில் இரண்டு பேர் நீளக் கயிற்றை ஆளுக்கொரு முனை பிடித்துப் புல்மேல் இழுத்துக்கொண்டு போவார்கள். பனித்துளி உதிர்ந்துவிடும். வீட்டுத் தரைக்கு ஒரு தென்னந்துடைப்பம் போதும்.

ஆர்.ஓ. கழிவு நீரைப் புல்லுக்கு விடலாமா?
– வாசகி, வேளச்சேரி

தொடர்ந்து விட்டால் உப்பு ஏறி நுனி கருகும். அதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்தும் வாங்குவீர்கள். அந்தத் தண்ணீரில் வாசல் கழுவுங்கள்.

சோடா உப்பு, கல் உப்பு, பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது?
– வாசகர், விருதுநகர்

நான்கும் வேண்டாம். உப்பும் சோடாவும் மண்ணில் தங்கிப் புல்லைக் கொல்லும். பிளீச்சிங் பவுடர் மேலே இருக்கும் நல்ல உயிர்களைக் கொல்லும், அடியில் ஓடும் நூலை எட்டாது. சுண்ணாம்பு புளிப்பு மண்ணுக்கு மருந்து. விருதுநகர் மண்ணுக்கு அந்தக் குறை இல்லை.

அப்படியானால் மருந்தே அடிக்கக் கூடாதா?
– வாசகர், திருநெல்வேலி

காளானுக்கும் வளையத்துக்கும் சாம்பலுக்கும் கூடாது, பணம்தான் கரையும். பழுப்புத் திட்டு வேகமாகப் பரவினால், ரைசோக்டோனியா என்று உறுதியானால், புரோபிகோனசோல் லிட்டருக்கு 1 மில்லி கலந்து திட்டிலும் அதைச் சுற்றி இரண்டடி வரையிலும் மட்டும் அடிக்கலாம். கையுறை, முகமூடி அவசியம். மருந்து காயும் வரை குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் வரக் கூடாது. புல்தரை என்பது குழந்தை வெறுங்காலோடு புரளும் இடம். வயலுக்கு அடிக்கிற கையோடு இங்கே அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

நோய் வருமுன் செய்யும் காரியமாக டிரைக்கோடெர்மா விரிடியை நம்புகிறேன். பூஞ்சையைத் தின்னும் பூஞ்சை அது. கெட்ட நூலைச் சுற்றி வளைத்து உறிஞ்சிவிடும். வயலுக்கு ஹெக்டேருக்கு 2.5 கிலோ என்பது கணக்கு. ஒரு சென்ட் புல்தரைக்கு 10 கிராம்தான் வருகிறது. 25 கிராம் போட்டாலும் கெடுதல் இல்லை. மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, ஒரு வாரம் நிழலில் மூடி வைத்துவிட்டு மழைக்காலம் தொடங்கும் முன் தூவுங்கள். இலைக்குச் சூடோமோனாஸ் லிட்டருக்கு 5 கிராம், மாலை வெயில் தணியும் வேளையில், மிதமாக. பாக்கெட்டில் தேதி பாருங்கள். உயிருள்ள சரக்கு, காலம் கடந்தால் வெறும் மாவு. ரசாயன மருந்து அடித்த வாரத்தில் இவற்றைப் போடாதீர்கள்.

ஊட்டியில் வீடு. ஜனவரியில் கிக்குயு புல் முழுக்கப் பழுப்பாகிவிடுகிறது. வருடா வருடம் பூஞ்சை மருந்து அடிக்கிறேன், மார்ச்சில் குணமாகிறது.
– வாசகர், உதகமண்டலம்

மருந்து அடிக்காவிட்டாலும் மார்ச்சில் குணமாகும். அது உறைபனி பொசுக்கிய இலை. அடித்தண்டு உயிரோடு இருக்கிறது. கோடை மழையில் துளிர்த்துவிடும். பனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையில் மட்டும் அதன்மேல் நடக்காதீர்கள். உறைந்த இலை மிதிபட்டால் நொறுங்கி, காலடி காலடியாகக் கறுக்கும்.

புல்வெட்டும் ஆள் தெரு முழுக்க ஒரே மெஷினில் வெட்டுகிறார். நோய் தொற்றுமா?
– வாசகி, அண்ணா நகர்

தொற்றும். வெட்டுவதற்கு முன் மெஷினின் அடிப்பக்கத்தைக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் நீங்களே கொடுங்கள், அவர் சந்தோஷமாகச் செய்வார். புல் ஈரமாக இருந்தால் வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் ஒரு காபி கொடுத்து உட்கார வையுங்கள், உலர்ந்த பிறகு வெட்டட்டும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. மொட்டை அடித்த புல் எந்த நோய்க்கும் கதவைத் திறந்துவிடும்.

புல்தரை நடுவில் தென்னை. அடிமரத்தில் செம்பழுப்பு நிறத்தில் தட்டு போல ஒரு காளான், மெருகு போட்டது போல மின்னுகிறது. அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்திருக்கிறேன்.
– வாசகர், பட்டுக்கோட்டை

காளானைப் பற்றி இதுவரை சமாதானமாகப் பேசினேன். இங்கே மாட்டேன். அது கானோடெர்மா, தஞ்சாவூர் வாடல் நோய் என்று உங்கள் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய நோய். மரத்தின் அடியில் செம்பழுப்புச் சாறு கசிகிறதா, அடிமட்டைகள் வாடித் தொங்குகின்றனவா என்று இன்றே பாருங்கள். தட்டு வெளியே தெரிகிறது என்றால் உள்ளே வேர் ஏற்கனவே பாதி போயிருக்கும்.

தட்டை வெட்டி எரியுங்கள். மரத்தைச் சுற்றி வட்டமாகக் குழி வெட்டி, இந்த மரத்தின் வேரும் அடுத்த மரத்தின் வேரும் தொடாமல் பிரியுங்கள். இந்த மரத்துப் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்கு ஓடக் கூடாது. வேப்பம் புண்ணாக்கு ஆண்டுக்கு 5 கிலோ, டிரைக்கோடெர்மா கலந்து. ஒரு சத போர்டோ கலவை 40 லிட்டர் வேர்ப்பகுதி நனைய ஊற்ற வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுக்காதீர்கள். போர்டோவில் இருக்கும் மயில்துத்தம் டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்தில் மரத்தைக் காட்டி எதை எப்போது என்று கேட்டுச் செய்யுங்கள். பக்கத்துத் தோப்புக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

மாமரத்தடியில் மூன்று முறை புல் பதித்தேன். மூன்று முறையும் பூசணம் பிடித்து அழிந்தது. நான்காம் முறை எந்த ரகம் போடலாம்?
– வாசகி, சேலம்

எதையும் போடாதீர்கள். மாமரம் ‘இங்கே புல் வேண்டாம்’ என்று மூன்று முறை சொல்லிவிட்டது. நாளுக்கு நான்கு மணி நேர வெயில்கூட விழாத இடத்தில் பனி உலராது, இலை தடிக்காது. பெரணி, சிங்கோனியம், மணி பிளாண்ட் எல்லாம் அந்த நிழலுக்காகவே பிறந்தவை. வெயில் விழும் இடத்தில் அருகம்புல்லை விடுங்கள். தரைக்கு மேலும் கீழும் தண்டு ஓட்டி, நோய் தின்ற ஓட்டையைத் தானே தைத்துக்கொள்ளும் புல் அது.

படம் அனுப்பும் வாசகர்களுக்கு: குடையை மேலிருந்து மட்டும் எடுத்து அனுப்பினால் என்னால் எதுவும் சொல்ல முடியாது. அடிப்பக்கச் செவுள் தெரிய ஒரு படம், காம்பும் அதன் அடி முனையும் தெரிய ஒரு படம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒரு படம். திட்டு என்றால் பச்சையும் பழுப்பும் சந்திக்கும் ஓரத்தைக் காலையில் பனியோடு எடுங்கள். எப்போது தண்ணீர் விடுகிறீர்கள் என்று ஒரு வரி எழுத மறக்காதீர்கள்.